இரண்டு விரிவுக்கும் ஒரே சக்தி

பெருமாநல்லூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு முதலாளியின் மகள் சில மாதங்கள் வந்துகொண்டிருந்தார். இயற்பியல் ஆராய்ச்சியாளர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. யோசிக்கும்போது மேசைமேல் விரலால் கணக்குப் போடுவார். இந்த வருடமும் ஆராய்ச்சி கைகூடாவிட்டால் அதை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“அப்படி என்ன கணக்குங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பிரபஞ்சம் பிறந்ததும் கண்மூடித் திறக்கறதுக்குள்ள விரிஞ்சுதுங்க. இப்பவும் வேகம் கூடிட்டே விரியுது. ரெண்டையும் தள்ளுறது ஒரே சக்தியான்னு பாக்கறேன். ரொம்பச் சின்னதுலயும் ஈர்ப்பு எப்படி நடக்கும்னு சொல்ற குவாண்டம் ஈர்ப்பு விதிக்கு அது ஒத்து வரோணும். இதுவரைக்கும் போட்ட கணக்கெல்லாம் அங்கதான் உடைஞ்சுது.”

ஒரு மதியம் தையல் பகுதி வழியாக ஓடி வந்தார்.

“அப்பா, இந்தத் தடவை உடையலைங்க. கூட ஆராய்ச்சி செய்யறவங்களும் சரிபாத்துட்டாங்க.”

“அப்ப அது உண்மைன்னு ஆயிருச்சா கண்ணு?”

“அதை வானத்தைப் பாத்துத்தான் சொல்லோணுங்க. ஆனா நடக்கவே நடக்காதுன்னு இனி தள்ள முடியாது.”

முதலாளி மகளின் தோளைத் தட்டினார்.

“கம்பெனிய நான் பாத்துக்கறேன். நீ உன்ற வேலைக்குப் போ.”

தையல் மெஷின்களின் சத்தத்தையும் மீறி மகள் சிரித்தது கேட்டது. அவர் எதை வென்றார் என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. அன்று மாலை நாங்கள் எல்லோரும் ஜெயித்தவர்களைப் போலத்தான் வீட்டுக்குப் போனோம்.