றீற்றா அக்கா அழிக்கச் சொன்ன காணொளிகள்

எங்கள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியின் வட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது: றீற்றா அக்கா காலமானார். அந்த வரிக்கு நேர் மேலே, முதல்நாள் அவர் அனுப்பிய குரல் பதிவு இருந்தது. "சனிக்கிழமை ஒருத்தரும் பிந்தாதேங்கோ. டீச்சர், நீங்கள் வீடியோவை நம்பாட்டிலும் பரவாயில்லை, ஃபோனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாங்கோ."

நம்பாதவள் நான். பௌதிகவியல் கற்பிப்பவள், அணியின் பொறுப்பாசிரியை என்பதால் பயிற்சிகளுக்கு நின்றேன். குருநகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பயிற்றுவித்த அவரை, உங்களில் பலர் அந்த உரத்த விசிலால் அறிந்திருப்பீர்கள். மற்றப் பயிற்றுநர்கள் காணொளியெல்லாம் பெரிய கழகங்களுக்கு என்று ஒதுக்கியபோது, அவர் தன் ஃபோனை சைக்கிள் ரியூப் துண்டால் மைதான ஓரக் கம்பத்தில் கட்டிப் பயிற்சியைப் பதிவுசெய்தார். அது பாதியில் அணைந்துவிடும். பிறகு என்னுடையதைக் கட்டுவார்.

"கண்ணாலை பாக்கிறது காணாதோ, அக்கா?" என்று கேட்டேன்.

"என்ரை கண் பந்துக்குப் பின்னாலை ஓடுது, டீச்சர். உந்த ஃபோனுக்கு அந்த வருத்தம் இல்லை."

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் சுற்றியிருந்து பார்ப்பார்கள். பிறகு ஃபோன் கைமாறும். தான் இருக்கும் காணொளியை ஒவ்வொருத்தியும் தன் விரலாலேயே அழிக்கவேண்டும். அது அவருடைய சட்டம்.

இருந்தும் கஸ்தூரி ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். எங்கள் அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரி அவள். கோப்பாயிலிருந்து அவளுடைய தகப்பனும் கூடவே வந்திருந்தார். "என்ரை பிள்ளையின்ரை படம் ஒருத்தற்றை ஃபோனிலையும் கிடக்கக்கூடாது. இனி அவள் விளையாட வரமாட்டாள்."

அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றியது. றீற்றா அக்கா வாதாடவில்லை. "அண்ணை, அழிக்கிறதை நிண்டு பாத்திட்டு முடிவெடுங்கோ" என்றார்.

கஸ்தூரி அழித்தாள். தகப்பன் ஃபோனை வாங்கி எதையோ தட்டினார். அழித்த காணொளிகள் வரிசையாக வந்து நின்றன.

"ஐயோ மாதாவே! உதுக்கும் குப்பைக்கூடை இருக்கோ?" என்றார் றீற்றா அக்கா.

"கூட்டாளியளோடை எடுத்த படத்தை நானும் அழிச்சனான். என்ரை மனுசி உதுக்குள்ளைதான் பிடிச்சவ" என்றார் தகப்பன்.

எல்லாரும் சிரித்தோம். றீற்றா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "எனக்குத் தெரியாமல் போச்சு, பிள்ளையள். மன்னியுங்கோ" என்றார். பிறகு தகப்பனிடம், "இனிக் கூடையைக் கொட்டுறது உங்கடை வேலை, அண்ணை. கொட்டாமல் ஒருத்தரும் வீட்டை போகமாட்டினம்" என்றார்.

கஸ்தூரி அணியில் நின்றாள். கூடையைக் கொட்ட வந்த தகப்பன், கொட்டுமுன் காணொளிகளையும் பார்க்கத் தொடங்கினார். "பிள்ளை, வலக்கால் பிந்துது" என்று ஒருநாள் சொல்லக் கேட்டேன். தொடக்கத்தில் முகத்தைப் பார்த்துச் சிரித்துக் கூசிய பிள்ளைகள், தங்கள் கால்களைக் கூச்சமில்லாமல் பார்க்கப் பழகினார்கள். காணொளிதான் எங்களை வெல்லவைத்தது என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பார்வையை நான் வகுப்பறையில் கண்டதில்லை.

செத்தவீட்டில், அவர் பயிற்சி கொடுக்கும் காணொளி ஒன்று கிடைக்குமா என்று தேடினார்கள். இல்லை. அவ்வளவு ஒழுங்காக அழித்திருந்தோம்.

"டீச்சர், அக்காவின்ரை வொய்ஸையும் அழிக்கவேணுமோ?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"அது அவ தானே எங்களுக்கு அனுப்பினது. கிடக்கட்டும்" என்றேன்.

அந்தக் குரலும் ரியூப் துண்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை என் ஃபோனைச் சார்ஜ் செய்து, அதே கம்பத்தில் கட்டினேன். மாலையில் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அழித்து முடிக்க, கஸ்தூரியின் தகப்பன் ஃபோனுக்காகக் கையை நீட்டினார்.