படத்துக்குக் கீழே ஒரு காலிக் கட்டம்

கொல்லிமலை செம்மேட்டில் எனக்கு அரசு வேலை. கணவர் நாமக்கல்லில் ஆசிரியர், பார்வையற்றவர். வாரம் ஒருமுறைதான் நான் மலையிறங்குவேன். மற்ற நாட்களில் இங்கே பார்ப்பதையெல்லாம் அவருக்குச் சொல்லத்தான் இணையப் பக்கம் எழுதக் கற்றேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவர் கணினியில் உண்டு.

முதல் பக்கத்திலேயே ஆறேழு படங்கள் போட்டேன். ஒவ்வொரு படத்தை ஏற்றும்போதும், அதில் என்ன இருக்கிறதென்று எழுத ஒரு கட்டம் வந்தது. படம்தான் தெரிகிறதே என்று காலியாக விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வீட்டில் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். கட்டங்கள் காலியாக இருந்ததால், படங்களுக்குக் கேமரா தானாக வைத்த எண்களைக் கணினி வரிசையாக ஒப்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காகவே செய்த பக்கத்தில் அவருக்கென்று ஒன்றுமே இல்லை.

அவர் சிரித்தார். “என்ன கண்ணு, லாரி நம்பரெல்லாம் சொல்லுது?”

உடனே உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன். காய்த்துத் தொங்கும் பலாமரம், மிளகுக் கொடி, பனிமூட்டத்தில் வரும் பஸ். கடைசிப் படத்துக்கு ‘நான்’ என்று மட்டும் எழுதினேன்.

கேட்டுவிட்டு, “எப்படி இருக்கறே? அதை எழுது” என்றார்.

“பச்சைச் சேலைங்க. காத்துல முடி பறக்குது. சிரிக்கறேன்.”

“யாரைப் பார்த்து?”

“நீங்க கேப்பீங்கன்னு நெனச்சுச் சிரிச்சனுங்க.”

“அதையும் எழுதீரு.”

இப்போதெல்லாம் படம் எடுக்கும்போதே, இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவிடுகிறேன். எத்தனை புதுப் படம் போட்டாலும், அவர் முதலில் கேட்பது அந்தப் பச்சைச் சேலையைத்தான்.