ஒளி மோதினால் ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ்?

ஓசூரில் பெண் கேட்டுப் போகிறவனிடம் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் கேட்பார்கள்: எந்தக் கம்பெனி? அடுத்தது: பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? எனக்குக் கம்பெனியே கிடையாது. பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் இயற்பியல் ஆராய்ச்சி. நான் காதலித்த பெண்ணோ ஓசூரில் கியர் செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். அவள் அப்பா வேறொரு தொழிற்சாலையில் புரொடக்ஷன் சூப்பர்வைசர். "லீவு அன்னிக்கு வரச் சொல்லு, பேசிப் பாக்கறேன்" என்று அவர் சொல்லியனுப்பினார். அப்பா வேண்டாமென்றால் மீறி வரமாட்டேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

"என்னா வேலை தம்பி?" என்றார், நான் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும்.

வாய்வரை வந்த 'மாமா'வை விழுங்கினேன். "ஒளியையும் ஒளியையும் நேருக்கு நேர் மோத விட்டா கனமான அடிப்படைத் துகள்கள் உண்டாகும் சார். அதுக்குக் கணக்குப் போடறேன்."

"கிருஷ்ணகிரி ரோட்ல தெனமும் லாரி லைட்டும் லாரி லைட்டும் மோதிக்கினுதான் கீது. ஒண்ணும் கீழ விழக் காணமே?"

நியாயமான கேள்வி. சாதாரண வெளிச்சம் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துவிடும், ஏகப்பட்ட ஆற்றலோடு மோதவிட்டால்தான் அந்த ஆற்றல் துகளின் எடையாக மாறும் என்று விளக்கினேன். ஏதோ உற்பத்தி ஆகிறது என்று புரிந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இனி அவர் ராஜ்ஜியம்.

"ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ்?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். கோடிக்கணக்கான தடவை மோதவிட்டா எப்பவாவது ஒண்ணு."

"மிச்சமெல்லாம் ரிஜெக்ஷனா?"

"ஆமா சார்."

"சரி, அந்த ஒண்ணை எங்க ஸ்டாக் வெக்கறீங்க?"

"வெக்க முடியாது. கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள சிதைஞ்சிடும்."

"அப்போ வெளிய அனுப்பறது, டிஸ்பேட்ச்?"

"கிடையாது சார்."

சமையலறையில் அவள் அம்மா, "பாவம், நல்ல பையனாத்தான் தெரியுது" என்று மகளிடம் சொன்னது எனக்கே கேட்டது. அழுகை வராத குறைதான்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்பிடி ஒரு லைனை நான் ஓட்டினா மத்தியானத்துக்குள்ள என்னைக் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்க. போவட்டும். பர்மனென்ட்டுதானே?"

வந்துவிட்டது. "கான்ட்ராக்ட் சார். ரெண்டு வருஷம். அப்புறம் வேற எடம் தேடணும்."

வழியனுப்புகிறவர்போல எழுந்தே விட்டார். நானும் எழுந்தேன்.

அப்போது காபியோடு வந்தவள் தட்டை டக்கென்று மேசைமேல் வைத்தாள்.

"நான் பர்மனென்ட்டுதானேப்பா? வீட்டுக்கு ஒரு பர்மனென்ட் போதாதா?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப இவர் ப்ரொபேஷன்ல இருக்கட்டும்" என்று டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

கல்யாணம் நடந்தது. எங்கள் மகளே இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமனாரிடமிருந்து கன்ஃபர்மேஷன் இன்னும் வரவில்லை.