பின்பெட்டி மூடியின் உட்பக்கம்

எங்கள் பழைய கார் சங்கத்தின் கையேட்டில் பதினான்காவது விதி இது: "பழைய பெயிண்டை உரிப்பதற்கு முன், வண்டியின் எல்லாப் பகுதிகளையும் உள்ளும் புறமும் படம் எடுக்க வேண்டும். தொழிற்சாலையில் இடப்படாத எழுத்தோ குறியோ எங்கேனும் காணப்பட்டால், அதை அழிக்கலாமா என்று உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பிறகே கை வைக்க வேண்டும்."

விதியின் மொழி கொஞ்சம் விறைப்பாக இருக்கும். எழுதியவன் நான்.

வாகனப் பதிவு அலுவலகம் ஒன்றின் கவுண்ட்டரில் முப்பத்தொரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். காரின் உரிமைப் பத்திரத்தை இங்கே மலேசியாவில் கிராண்ட் என்போம். கிராண்டில் உள்ள என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், "இது வேறு வண்டி" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பப்பட்டவர் வாசலில் அந்த வேறு வண்டியில் ஏறி வீட்டுக்குப் போவார். எனக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை. காகிதம் இல்லையென்றால் ஆள் இல்லை என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

ஓய்வு பெற்றதும் குளுவாங்கில் எங்கள் வரிசை வீட்டின் முன்பக்கம் தகரக் கூரையை நீட்டிப் பழைய கார்களைச் சீர்செய்யத் தொடங்கினேன். மனைவியின் பூந்தொட்டிகள் பின்பக்கம் நாடு கடத்தப்பட்டன. முதல் இரண்டு கார்கள் நன்றாக அமைந்தன. சங்கத்தில் பெயர் வந்தது. பெயர் வந்தவனிடம்தானே கையேடு எழுதச் சொல்வார்கள்.

மூன்றாவது கார் சாஆ என்ற சிற்றூரிலிருந்து வந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த, முதுகு வளைந்த சின்னக் கார். ரப்பர் தோட்டத்து மருத்துவ உதவியாளரை டிரஸ்ஸர் என்பார்கள். இது அப்படி ஒரு டிரஸ்ஸர் ஓட்டிய கார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மகள், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அதை வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்.

"கோழி முட்ட போடுது சார் இதுல. பாம்பு இருந்தாலும் இருக்கும். பாத்து கை வைங்க" என்றார்.

"பாம்புக்கு கிராண்ட் இருக்கா டீச்சர்?"

"ஒங்க கிட்ட வந்தா அதுவும் மூணு காப்பி எடுத்துட்டுத்தான் வரணும்." சிரித்துவிட்டு, காரின் கூரையைத் தட்டினார். "ஓட வச்சிருங்க சார். அப்பா போன மாதிரி கோயில் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வரணும். அது போதும்."

லாரியில் ஏற்றிக் கட்டும்போது இன்னொன்றும் சொன்னார். "பின்னால மூடிக்கு உள்ள அப்பா என்னமோ எழுதி வச்சிருப்பாரு. அத மட்டும் பாத்துக்குங்க லா."

"பாத்துக்கலாம் டீச்சர்" என்றேன். என் கண் கயிற்று முடிச்சில் இருந்தது.

ஒழுங்கு முறையில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு திருகையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த இடத்துக்கு உரியது என்று எழுதி ஒட்டினேன். கார்புரேட்டரை மட்டும் நாற்பது படங்கள் எடுத்தேன். பின்பெட்டி மூடியையும் எடுத்தேன், வெளிப்பக்கம் மட்டும். உள்ளே கழற்றி மாட்ட எந்தப் பாகமும் இல்லை. திரும்ப மாட்ட வேண்டாத ஒன்றைப் படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மூடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்த அன்று காலையில்தான் எழுத்தைப் பார்த்தேன். வெள்ளை எனாமல் பெயிண்டில், மெல்லிய தூரிகையால், அழகான தமிழ்க் கையெழுத்து. ஒரு பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நேரம், ஓர் இடம், ஆண் அல்லது பெண், ஒரு தாயின் பெயர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்தக் காரிலேயே பிறந்த குழந்தைகளின் பட்டியல் அது என்று மூன்றாவது வரியில் புரிந்தது. "ரப்பர் ஆலை வளைவு" என்று ஓர் இடம் போட்டிருந்தது. நான் கொஞ்சம் சிரித்ததாகக்கூட ஞாபகம். நல்ல கையெழுத்து என்று நினைத்தேன். அடுத்து நினைத்தது போட்டி நடுவர்களின் மதிப்பெண் தாளை: தொழிற்சாலை நிலைக்கு மாறான எழுத்து, ஐந்து புள்ளிகள் கழிவு. அந்தத் தாளையும் வகுத்தவன் நான்தான்.

கைப்பேசி கை எட்டும் தூரத்தில், நாற்காலியில் இருந்தது.

கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டி ஓட்டினேன். வானொலியில் செய்தி முடிவதற்குள் வேலை முடிந்தது. அடியில் தகரம் வெள்ளி மாதிரி வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, ஒரு பொட்டுத் துரு இல்ல."

"அதுல என்னமோ எழுதியிருந்துச்சே?"

"டிரஸ்ஸர் கிறுக்கினது."

அவள் தகரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எம்முகத்த என்னிக்காவது இவ்ளோ உத்துப் பாத்திருப்பீங்களா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜோகூர் பாருவில் நடந்த கண்காட்சியில் அசல் நிலைக்கான முதல் கோப்பை அந்தக் காருக்குக் கிடைத்தது. நடுவர் பின்பெட்டி மூடியைத் தூக்கி உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு பொட்டுத் துரு இல்ல" என்று அவரிடமும் சொன்னேன். அங்கிருந்த எல்லாரிடமும் சொன்னேன்.

டீச்சர் கேட்டபடி கோயிலுக்கும் போய் வந்தோம். பின் இருக்கையில் உட்கார்ந்து வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அவர் வீட்டுக் கொட்டகை ஒழுகுவதால் கார் என் வீட்டிலேயே நின்றது. அது எனக்கும் வசதியாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, டீச்சர் இன்னொரு பெண்ணை அழைத்து வந்தார். அறுபதைத் தாண்டியவர், பக்கத்து ஊரான பாலோவில் இருக்கிறார், ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறார்.

"இவங்கதான் சார் நம்ம கார்ல பொறந்தவங்க. தோட்டத்துல கார்க்குட்டின்னுதான் கூப்புடுவாங்க."

"இன்னமும் அப்படித்தான் கூப்புடுறாங்க. கெழவியான பெறகும் குட்டி" என்றார் அந்தப் பெண். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "எம்மாடி, புதுசாட்டம் இருக்கே."

விஷயத்தை டீச்சர் சொன்னார். அந்தப் பெண் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் பிறந்துவிட்டதால், கார் பாதி வழியில் தோட்டத்துக்கே திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதியவில்லை. தோட்ட ஆபீஸில் பதிந்திருப்பார்கள் என்று டீச்சரின் அப்பா நினைத்திருக்கிறார். பிறப்புப் பத்திரம் இல்லாமலே வளர்ந்தார். நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான் கிடைத்தது. பிள்ளைகள் தகப்பன் வழியில் குடிமக்கள். இவருக்கு மட்டும் குடிமக்களுக்கான நீல அட்டை இல்லை, அதனால் எல்லை தாண்ட மலேசியக் கடப்பிதழும் இல்லை. மகள் சிங்கப்பூரில் குடித்தனம். நான்கு மாத கர்ப்பம்.

"மொதப் பிரசவத்துக்கே போவ முடியல சார்" என்றார் அந்தப் பெண். "அங்க ஒரு ஆள வச்சுப் பாத்துக்கிட்டா. சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னு என்ன பண்றது? இந்தத் தடவயாச்சும் பத்தியச் சோறு நானே ஆக்கிப் போடணும்."

எனக்கு நடைமுறை உடனே புரிந்தது. அதுதான் கொடுமை. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் ஐந்தாண்டுகளுக்குள் இந்த நாட்டில் பிறந்தவர் என்று நிரூபித்தால், அவர் பிறப்பாலேயே குடிமகள். அதற்குத் தேவை தேதி, இடம், தாயின் பெயர், பிரசவம் பார்த்தவரின் கையெழுத்து. நான்கும் ஒரே வரியில் இருந்தன.

"அப்பா எழுதினத ஒரு படம் எடுத்துக்கிறோம் சார்" என்றார் டீச்சர், கைப்பேசியை எடுத்தபடி.

மூடியைத் தூக்கினேன். உள்ளே பச்சைப் பெயிண்ட் பளபளத்தது.

"துரு தின்னுருச்சு டீச்சர்" என்றேன். "நான் பாக்கும்போதே எழுத்தெல்லாம் உதிர்ந்து போயிருந்துச்சு."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அத்தனை சரளமாக வந்தது.

டீச்சர் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். அந்தப் பெண் குனிந்து மூடியின் உட்பக்கத்தைத் தடவினார். "மூஞ்சி தெரியுது சார். நல்ல வேலக்காரரு நீங்க" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. ஏளனமாகச் சொல்லியிருக்கலாம்.

அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மனைவி கோப்பைகளை எடுத்தபடி கேட்டாள்.

"துருவா?"

நான் பின்பெட்டி மூடியைச் சாத்தினேன்.

"ஒரு பொட்டுத் துரு இல்லன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. எந்தத் துரு அது? நான் பாக்காத துரு?"

"விடு."

"நான் விட்டுர்றேன். அந்தம்மா பஸ் ஏறிப் போறாங்க, அவங்களால விட முடியுமா?"

மூன்று நாள் அந்தக் காரைத் துணி போட்டு மூடி வைத்தேன். நான்காம் நாள் பாலோவுக்குப் போனேன். தினமும் ஓட்டுகிற வண்டியில்தான் போனேன். டிரஸ்ஸர் காரை எடுக்கக் கூசியது. அந்தப் பெண் வேலை முடிந்து வந்து, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். துரு இல்லை, நான்தான் சுரண்டினேன், படம் எடுக்கவில்லை.

அவர் குழாயை மூடினார். "எங்கம்மா பேரப் பாத்தீங்களா அதுல?"

"மேல மூணு வரிதான் படிச்சேன். பேரு ஞாபகம் இல்லம்மா."

"பாத்தேன்னு எழுதிக் குடுங்க."

"பாத்திருந்தா எழுதலாம்."

"யாரு சார் வந்து கேக்கப் போறா? அழிச்சது நீங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு ஒங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

சத்தியப் பிரமாணம் என்பது என்ன, பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை, பின்னால் தெரிய வந்தால் விண்ணப்பமே எப்படிப் பாழாகும் என்று விளக்க ஆரம்பித்தேன். எல்லாம் சரியான தகவல். கவுண்ட்டரில் பேசிய அதே குரல் வந்துவிட்டது.

அவர் பாதியில் நிறுத்தினார். "அன்னிக்கு வீட்டுல நின்னு துருன்னு சொன்னீங்க. ஒங்களுக்குன்னா ஒரு பொய் வந்துச்சு. எனக்குன்னா மட்டும் வர மாட்டேங்குதா?"

பார்க்காததை எழுத மறுத்தது சட்டப்படி சரி. இதை எத்தனை முறை எனக்குள் சொல்லிக்கொண்டாலும் முகம் சுடுகிறது.

பார்த்ததை மட்டும் எழுதினேன். மூடியின் உட்பக்கத்தில் தேதி, நேரம், இடம், தாயின் பெயர் கொண்ட பட்டியல் இருந்தது. பத்து வரிகளுக்குக் குறையாது. மூன்று வரிகள் படித்தேன். என் கையாலேயே அழித்தேன். சத்தியப் பிரமாண ஆணையர் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். டீச்சரும் தன் தகப்பனார் சொல்லக் கேட்டதை எழுதிக் கொடுத்தார். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். பிழையே இல்லாத விண்ணப்பம். மார்ச் மாதம் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

டீச்சரிடம் நேரில் சொல்லத் துணிவில்லாமல் தொலைபேசியில்தான் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர், "ஒங்க சங்கத்துக் கையேடு ஒன்னு குடுத்தீங்களே சார், நான் முழுசும் படிச்சேன். அதனாலதான் நம்பிக் குடுத்தேன்" என்றார். மறுவாரம் லாரி வைத்துக் காரை எடுத்துப் போனார். இப்போது பழைய கொட்டகையில் நிற்கிறது. கோழிகள் திரும்பிவிட்டனவாம்.

கோப்பையைச் சங்கத்தில் திருப்பிக் கொடுக்கப் போனேன். திருப்பி வாங்கிக்கொள்ள விதி இல்லை என்றார்கள். உண்மைதான். அப்படி ஒரு விதியை நான் எழுதவில்லை. அது இப்போது என் கருவிப் பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து இருக்கிறது.

ஜூனில் சிங்கப்பூரில் பேத்தி பிறந்தாள். பத்தியச் சோற்றை இந்த முறையும் வேறு யாரோதான் ஆக்கினார்கள். மாதம் ஒரு முறை அந்தப் பெண் என்னை அழைப்பார். "ஏதாச்சும் வந்துச்சா சார்?" கடிதம் வந்தால் அவர் முகவரிக்குத்தான் வரும் என்று தெரிந்தும் கேட்பார். நானும் "இன்னும் இல்லம்மா" என்பேன். அப்படிப் பதினேழு மாதம்.

பிறகு ஒரு பிற்பகல், கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டு உடனே அழைத்தார். "மலாய்ல இருக்கு சார். நீங்களே படிச்சுச் சொல்லுங்க. குடுத்துட்டாங்களா?"

ஒரே பத்தி. நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் தட்டச்சு செய்திருப்பேன். இணைக்கப்பட்டுள்ள சத்தியப் பிரமாணத்தில் குறிப்பிடப்படும் எழுத்தை, அல்லது அதன் தெளிவான புகைப்படத்தை, விண்ணப்பதாரர் சமர்ப்பிக்க வேண்டும். அதன் பின்னரே மேற்கொண்டு பரிசீலிக்கப்படும்.

"குடுக்கல. அந்த எழுத்தோட படம் கேக்கிறாங்கம்மா."

மறுமுனையில் கேண்டீன் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

"சரி சார்" என்றார். பிறகு, "பேத்தி நடக்குது சார். நேத்து போன்ல காட்டுனாங்க. நாலு அடி வச்சா" என்றார்.

கடிதத்தின் மேல் மூலையில் தேதி இருந்தது. வந்து சேர்ந்த தேதியையும் அதன் கீழே குறித்துவைப்பது என் பழைய பழக்கம். படத்தை அச்செடுத்துக் குறித்தேன்: ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை.