பாப்பாயி அக்கா விலைக்கு வாங்கிய விரால்

உக்கடம் மீன் மார்க்கெட்டில் பதினெட்டு வருடமாகக் கடை போட்டிருக்கிறேன். மீன் பிடிக்கிறவளே என்னிடம் மீன் வாங்க வந்தது ஒரே ஒரு முறைதான்.

வந்தவள் பாப்பாயி அக்கா. சூலூருக்கு அந்தப் பக்கம் ஒரு குளத்தில் பரிசல் போட்டு வலை வீசுகிறவள். எனக்கு ஜிலேபி மீன் கொடுப்பவளும் அவள்தான். மகள் நித்யஸ்ரீக்குப் பிரசவம் ஆகியிருந்தது. பெற்ற உடம்புக்கு விரால் குழம்பு வேண்டுமாம்.

"ஏனுங்கக்கா, உங்க குளத்துல விராலே இல்லையா?" என்று பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி சிரித்தேன்.

"இருக்குதுங்க அம்மணி, ஒரே ஒரு ஜோடி. குஞ்சுகளோட நிக்குது, எப்படிப் புடிக்கறது?" என்றாள்.

விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே மிதக்கும்; தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அப்போது பிடிப்பது சுலபம் என்பதால் எல்லோரும் அந்த நேரம் பார்த்துத்தான் தூண்டில் போடுவார்கள். அப்படியே விரால் அருகிப்போனது. ஜிலேபிக் குஞ்சைத் தின்ன ஆளில்லாமல் அது கண்டபடி பெருகி, தீனி போதாமல் விரல் நீளத்திலேயே நின்றுவிட்டது. மீனவர் சங்கத்தில் எல்லோரும் சாக்கடைத் தண்ணீரைத் திட்டினார்கள். அக்கா மட்டும் தூண்டிலைத் திட்டினாள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் எழுந்து, "ரெண்டு வருசம் குஞ்சோட நிக்கற விராலைத் தொடாதீங்க. ஜிலேபி பெருசாகலீன்னா என்ற பரிசலைச் சங்கத்துக்கே குடுத்துப்போடறேன்" என்று சொல்லிவிட்டாள். சொந்த மகளுக்கே மீனை விலைக்கு வாங்கியவள் என்பதால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் பயம். பரிசலை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதல் வருடம் ஒரு மாற்றமும் இல்லை. சங்கத் தலைவர் வரதராஜுலு, பரிசலை எங்கே கட்டி வைக்கலாம் என்று அவளிடமே கேட்டுக் கேலி செய்தார். கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் வருடக் கார்த்திகையில் வலை இழுத்த அன்று கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். வந்த ஜிலேபி ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை மூடியது. அத்தனை பேர் முன்னாலும் அக்காவைக் கட்டிக்கொண்டேன். கூடப்பிறந்தவள் ஜெயித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

வரதராஜுலு மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அம்மணி, விரால் எங்கெங்க நிக்குதுன்னு காட்டுங்க. அந்தப் பக்கம் யாரும் போகாம நான் பாத்துக்கறேனுங்க."

அக்கா பரிசலில் ஏறித் துடுப்பை எடுத்தாள். "ஏறி உக்காருங்க. மதகுப் பக்கம் மட்டும் நாலு ஜோடி நிக்குதுங்க."