ரொட்டியில் கிள்ளிய இலங்கை

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போன மாதம் பண்டாரவளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நான் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த பகிடிகளை இன்னொருவன் சொல்லக் கேட்டு, எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்து, கடைசியில் கையும் தட்டினேன்.

என்னை உள்ளே இழுத்தது மிலாறுப் புகை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத்தான் எங்கள் பக்கம் மிலாறு என்போம். அது அடுப்பில் எரியும் வாசனை வந்தால் என் கால்கள் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. புதுக் கடை. உள்ளே தகரக் கூரை, கரி பிடித்த சுவர் என்று தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடு ஒன்றையே கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கரி பெயிண்ட் என்பது தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அப்புத்தளை ஸ்டேஷனில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு நாடு காட்டுவதுதான் அந்தக் காலத்தில் என் தொழில். என் இங்கிலீஷைச் சிங்களம் என்று நினைத்துத் தலையாட்டியவர்களும் உண்டு. ஒருநாள் மழையில் நனைந்து வரைபடம் கூழாகிவிட்டது. வேறு வழியில்லாமல் தட்டில் இருந்த ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி மாங்காய் வடிவத்துக்குக் கொண்டுவந்து, இதுதான் இலங்கை என்றேன். அன்றிலிருந்து வாராவாரம் அதே ரொட்டிதான். மேலே மொறுமொறுவென்று இருப்பது யாழ்ப்பாணம். நடுவில் கருகிக் கிடப்பது எங்கள் மலை. இந்த விளிம்பில் அப்புத்தளை, வழுக்கினால் நேராக வெல்லவாய. அந்தக் காய்ந்த பக்கம் மொனராகலை, போவதென்றால் தண்ணீர் கொண்டுபோங்கள். சுற்றிவரக் காரத் தேங்காய்ச் சம்பலைப் பரப்பி, கடல் உறைக்கும் என்பேன். மண் சரிந்து லயங்களை ஆட்களோடு மூடிய மீரியபெத்த இருக்கும் இடம் வந்தால் மட்டும் பகிடியை நிறுத்திவிடுவேன்.

அந்த ரொட்டி ராஜாத்தி அக்கா சுட்டது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூட்டிப்போகிறவர்களுக்குத் தன் லயத்து அடுப்படியில் பலாக்காய்க் கறியும் ரொட்டியும் போடுவார். சாப்பிட்டு முடிந்ததும் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு பிளேன்டீ என்று கண்ணை மூடிக் குடிப்பார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் குடித்தோம். சீனி மிச்சம், ருசி அதிகம். வந்தவர்களும் சீனி வாங்கி நக்கி மூக்கில் அப்பிக்கொள்வார்கள்.

அக்கா எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "போட்டோ மட்டும் வேணாம் தம்பி. மக டீச்சருக்குப் படிக்கிறா. நான் சீனி நக்குறத ஊரு பாக்க வேணாம்."

அதிலிருந்து நான் வாசலில் அரிசி புடைக்கிற சொளகோடு நிற்பேன். கேமராவும் போனும் சொளகில் விழுந்தால்தான் உள்ளே விடுவேன். கோயில் வாசலில் செருப்புக் காக்கிறவனுக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருக்காது. ஒருவனிடம் மட்டும் நான் கேட்டதில்லை. வேன் ஓட்டிய பாலன். என்னோடு படித்தவன், நம்ம ஆள். ஒவ்வொரு வாரமும் மூலையில் உட்கார்ந்து அதே பகிடிகளுக்கு அதே மாதிரிச் சிரிப்பான். என்னை ரசிக்கிறான் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். அவன் பாடமாக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

பண்டாரவளைக் கடையில் ஓர் இளைஞன் ரொட்டியைக் கிள்ளினான். யாழ்ப்பாணம், மலை, வெல்லவாய, எல்லாம் நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னான். மீரியபெத்தவுக்கும் ஒரு பகிடி சேர்த்திருந்தார்கள். அது என்னுடையது அல்ல. கைதட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் சுவரைப் பார்த்தேன். கதவு உயரத்துக்கு ராஜாத்தி அக்கா. உள்ளங்கையில் நாக்கு, மூடிய கண். கீழே இங்கிலீஷில் 'எங்கள் அம்மா' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, கல்லாவில், கடை முதலாளியாகப் பாலன்.

பாலனுடைய அம்மா பதுளையில் இருக்கிறார். சீனி வருத்தம் வந்து, சீனியைத் தொட்டே வருஷக்கணக்காகிறது.

பாலன் எழுந்துவந்து கட்டிப்பிடித்தான். இதெல்லாம் என்னடா என்று கேட்டேன்.

"ஏன் மச்சான், இலங்கைய ஒன் பேர்லயா எழுதி வச்சிருக்கு?"

படத்தைக் காட்டினேன். அக்காவை எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறேன் பார், இதைவிட மரியாதை உண்டா என்றான். இன்னும் கொஞ்சம் சம்பல் போடட்டுமா என்று கேட்டான், தலையாட்டியும் தொலைத்தேன்.

வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும், என்னை அவர் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று மறுநாளே அப்புத்தளைக்கு பஸ் ஏறினேன். அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மகள் இப்போது டீச்சர். கூட வேலை செய்கிறவர்களோடு அந்தக் கடைக்குப் போனவள், சுவரைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்திருக்கிறாள். அது உன் அம்மாதானே என்று ஒரு டீச்சர் பஸ்ஸிலும் விடாமல் கேட்டாளாம்.

அடுப்படியில் இப்போது கேஸ். மிலாறு அடுக்கியிருந்த மூலையில் மகளின் இஸ்திரி மேசை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றே பல காலமாகிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு மலையைக் காட்ட நான் தேவைப்படவில்லை, கையில் இருந்த போனே போதுமாக இருந்தது. அக்கா எனக்கு பிளேன்டீ கொடுத்தார், சீனியைக் கோப்பையிலேயே கரைத்து. தனக்கும் அப்படியே. கரண்டி கிணுகிணுத்த சத்தம் அந்த வீட்டில் நான் அதுவரை கேட்டிராதது.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் எடுக்கவில்லை, கொடுக்கவில்லை, வாசலில் எத்தனை பேரை மறித்தேன் என்பது உங்களுக்கே தெரியும், அந்தப் பாவி என்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றினான் என்றேன். அக்கா குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவன இங்க கூட்டியாந்தது யாரு?"