தோண்டினால் நீலம் வரும்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சத்தம் தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருக்கும். பீளமேட்டில் என் தாய்மாமன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் காலையில் தொடங்கினால் மதியச் சோற்றுக்குத்தான் அது ஓயும். இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்ட காகிதத்தில் யாரோ ஒருவருடைய ராசிக் கட்டமும் தசாபுத்தியும் நெளிந்து நெளிந்து வெளியே வரும். போர்டில் 'கம்ப்யூட்டர் பயிற்சி' என்று எழுதியிருந்தாலும் மாமாவுக்குச் சோறு போட்டது கம்ப்யூட்டர் ஜாதகம்தான். பெண்ணுக்கோ பையனுக்கோ பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சந்நிதிக்குள் வருவதுபோல் வந்து உட்காருவார்கள். ஜோசியர் தப்பாகச் சொல்லலாம், "பொட்டி" தப்பாகச் சொல்லாது என்று நம்பினார்கள். மாமாவும் நம்பவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆறாவது முடித்த லீவில் என்னை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளட்டும் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். உண்மை அதுவல்ல. அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணறு வற்றி, தென்னை ஒவ்வொன்றாக மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதையே விட்டிருந்தார்கள். தண்ணீருக்குப் போட்ட போர்கள் எல்லாம் பொய்த்துவிட்டன. இன்னும் ஒன்று போடத்தான் வழி இருந்தது. அதுவும் போனால் தோட்டத்தை விற்க வேண்டும்.

மாமா என்னைப் பின்வரிசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு மறந்துவிட்டார். அதில் ஒரு சண்டை விளையாட்டு இருந்தது. எனக்குச் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்குள்ளேயே நிலம் செய்கிற இடம் ஒன்று தனியாக இருந்தது. மவுசின் இடது பொத்தானை அழுத்தினால் பச்சைத் தரை மேடாகும், அழுத்திக்கொண்டே இருந்தால் பழுப்பு மலையாகி, உச்சியில் வெள்ளையாகப் பனி பிடிக்கும். வலது பொத்தானை அழுத்தினால் தரை பள்ளமாகும், ஓர் அளவுக்குக் கீழே போனதும் எங்கே தோண்டினாலும் நீலமாகத் தண்ணீர் வந்து நிற்கும்.

கோயமுத்தூருக்குக் கடல் கிடையாது, நான் வைத்தேன். மலை உச்சிகளில் ஏரி வைத்தேன். கீழே இறங்க வழியே இல்லாத மலைகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாகத் தீவுகள், யாரும் குடியிருக்க முடியாத நாடுகள். மனிதர்களை மட்டும் வைக்கவில்லை. அந்த லீவில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. விரல் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. செய்ய வேறு நாடு தோன்றாத ஒரு நாளில் எங்கள் தோட்டத்தைச் செய்தேன். வடக்கே வேலி, நடுவே வீடு, மாடு கட்டுகிற "சாளை"க்குத் தெற்கே ஒரு குளம். அப்படி ஒரு குளம் அங்கே கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது, தோண்டினேன்.

அன்றைக்குப் பார்த்து அப்பா என்னைப் பார்க்க வந்தார். பின்னால் நின்று வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"இது நம்ம தோட்டமாட்ட இருக்குது கண்ணு?"

"ஆமாங்கப்பா."

"தேங்கா வெச்சுத் தண்ணி பாக்கறவரு வடக்கால வேலியோரம்னு சொல்றாரு. இதுல தெக்கால காட்டுதே?"

"அது நான் தோண்டினதுங்கப்பா. எங்க தோண்டினாலும் தண்ணி வருங்க. இது வெளையாட்டுங்க."

அப்பா சிரித்தார். "வெளையாட்டுன்னாலும் பொட்டிக்குள்ள இருக்கறதுதான அம்மணி வரும்?" என்று சொல்லிவிட்டு முன்னறைப் பக்கம் திரும்பி, "ஏனுங்க மாப்ள, இதுல காட்டறது நெசந்தானுங்களா?" என்று கேட்டார்.

மாமாவுக்கு எதிரில், மகளுக்குப் பொருத்தம் பார்க்க வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா எழுந்துகூட வரவில்லை. அந்த இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பொட்டி பொய் சொல்லாதுங்க மச்சான்" என்றார்.

அவ்வளவுதான். அது குழந்தை விளையாட்டு என்று அவருக்குத் தெரியும். வாங்கி வந்து போட்டவரே அவர்தான். ஆனால் பெட்டியில் வருவதெல்லாம் யாரோ ஒருவர் உள்ளே போட்டதுதான் என்று அந்தத் தம்பதியின் எதிரில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பொருத்தக் காகிதத்துக்காக எங்கள் தோட்டத்தைக் கொடுத்தார். நான் இதை வேறு எப்படியும் சொல்லப்போவதில்லை.

அடுத்த வாரமே என்னை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். சாளைக்குத் தெற்கே போர் வண்டி வந்து நின்றது. "அம்மணி கையாலயே ஒடைக்கட்டும்" என்று என் கையில் தேங்காயைக் கொடுத்தார்கள். உடைத்தேன். வண்டியின் இரும்பு ராடு ஒவ்வொன்றாகப் பூமிக்குள் இறங்க இறங்க வெள்ளைக் கல்மாவு புகையாக எழும்பி, மாட்டின் முதுகில், துணிக்கொடியில், அப்பாவின் புருவத்தில் எல்லாம் படிந்தது. மதியத்துக்கு மேல் வண்டிக்காரர் வந்து நின்றார்.

"ஏனுங்க, வெறும் பொகையாத்தான் வருதுங்க. நிறுத்திப்போடலாங்களா?"

"இன்னும் ரெண்டு ராடு உடுங்க" என்றார் அப்பா.

விட்டார்கள். புகைதான் வந்தது. மறுபடி ரெண்டு விடச் சொன்னார். அப்புறம் போதும் என்று கையை ஆட்டினார்.

அம்மா சாளை நிழலில் நின்றபடி, மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "ஜாதகம் அடிக்கற பொட்டியக் கேட்டு போர் போட்ட ஆளு சில்லாவுலயே நம்மூட்டு ஆளு ஒருத்தருதானுங்க." வண்டிப் பையன்கள் சிரித்தார்கள். அப்பா முகத்துக் கல்மாவைத் துடைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

தோட்டம் போயிற்று. பீளமேட்டிலேயே ஒரு லைன் வீட்டில் குடிவந்தோம், அப்பா ஒரு மில்லில் கேட் காவலுக்குச் சேர்ந்தார். அடுத்த லீவில் சென்டருக்குப் போனபோது அந்த விளையாட்டு இல்லை. மாமா அழித்திருந்தார். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. ஜாதகம் போனிலேயே வருகிறது. அப்பா வேலை பார்த்த மில்லை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். எங்கள் தோட்டம் "சைட்" பிரித்து விற்கப்பட்டு, வீதி வீதியாக வீடு. தண்ணீர் லாரியில் வருகிறது. நான் செய்த மலையும் தீவும் கடலும் எதிலும் பதிவாகி இல்லை.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார், தன் தோட்டத்தில் போர் போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நான் அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது:

"என்ற புள்ளையோட பொட்டி சரியாத்தானுங்க காட்டுச்சு. நாந்தான் பாதியிலயே நிறுத்திப்போட்டேன். இன்னும் ரெண்டு ராடு உட்டிருக்கோணும்."

மாமாவைக் குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் குழியைத் தன் தப்பாகவே வைத்திருந்திருக்கிறார். கூடத்துக்குப் போய், அதில் தண்ணீர் இருந்ததே இல்லை என்று சொல்லியிருக்கலாம். தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடுங்கப்பா என்றேன்.